ரோமானிய ஊக்கின் முதுகுப் பக்கம்

(ரோமப் பேரரசின் பட்டறைகள் – 9)

ரோமப் பேரரசின் எல்லைக்குள் எங்கே அகழ்ந்தாலும் பானை ஓடு, ஆணி, நாணயம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வெளிப்படுவது உடை ஊக்கு. லத்தீனில் அதற்கு ஃபிபுலா என்று பெயர். பொத்தான் வைத்த சட்டை வழக்கத்துக்கு வராத காலம் அது. தோளில் போர்த்திய கம்பளியும், மாகாணப் பெண்கள் இரு தோளிலும் இணைத்து அணிந்த மேலாடையும் நழுவாமல் நிற்க ஊக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ரோமக் குடிமகனின் அடையாளமான டோகாவுக்கு ஊக்கு வேண்டியதில்லை. மடிப்பின் பிடியிலேயே அது நின்றது. ஆகவே ஊக்கு பெரும்பாலும் படைவீரர்களின் பொருள், மாகாண மக்களின் பொருள். ஸ்விட்சர்லாந்தில் இன்று அவுக்ஸ்ட் எனப்படும் பழைய ரோமானிய நகரில் கிடைத்த ஊக்குகளை எமிலி ரிஹா 1979, 1994 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இரண்டிலுமாகச் சுமார் 3000 ஊக்குகள். இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பதாலும், தலைமுறைக்குத் தலைமுறை வடிவம் மாறுவதாலும், அகழாய்வாளர்கள் ஊக்கைக் காலம் கணிக்கும் கருவியாகக் கொண்டார்கள். ஸ்வீடன் அறிஞர் ஆஸ்கர் ஆல்ம்கிரென் 1897இல் வட ஐரோப்பிய ஊக்குகளை வகைப்படுத்தி எண்ணிட்டார். அந்த எண்கள் இன்றும் ஆய்வாளர்களின் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த வகைப்பாட்டு மரபு ‘எப்போது மாறியது’, ‘எங்கே பரவியது’ என்ற இரண்டு கேள்விகளோடு நீண்ட காலம் நின்றுவிட்டது. ‘ஏன் மாறியது’ என்று கேட்டவர்கள்கூட ‘நாகரிகம் மாறியது’ என்ற ஒற்றை விடையோடு நகர்ந்துவிட்டார்கள். அந்த விடை போதாது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஊக்கின் அமைப்பு அடியோடு மாறியதற்கு முதல் காரணம் உலோகக் கலவையும் அதைக் கையாண்ட பட்டறை முறையும்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் ஊக்கின் உடலமைப்பைப் பார்த்துவிடுவோம். துணியை உள்ளடக்கி வளைந்து நிற்கும் பகுதி வில். துணியைக் குத்திச் செல்வது ஊசி. ஊசியின் நுனி வந்து அமரும் மடித்த தகடு, வில்லின் கால்பகுதியில் இருக்கும் கொக்கித் தகடு. மறுமுனையில், அதாவது தலைப்பகுதியில், ஊசிக்கு விசை தருவது கம்பிச் சுருள். இன்று நாம் சேலையிலும் சட்டையிலும் குத்திக்கொள்ளும் ஊக்கு வேலை செய்யும் அதே முறைதான். பழைய ஊக்குகளில் பெரும்பாலானவை ஒரே துண்டு உலோகத்தில் செய்யப்பட்டவை. சிறு கம்பியாக வார்த்தெடுத்த உலோகத்தின் ஒரு பாதியைத் தட்டி வில்லாக்குவார்கள்; மறுபாதியை மெல்லிய கம்பியாக நீட்டி, சுருளாகச் சுற்றி, மிச்சத்தை ஊசியாகக் கூராக்குவார்கள். வில், சுருள், ஊசி மூன்றும் இடைமுறிவில்லாத ஒரே உலோகம். பொருத்தும் இடம், ஒட்டும் இடம் என்று எதுவும் கிடையாது. வேலை முற்றுப்பெறாமல் கைவிடப்பட்ட ஊக்குகள் சில இடங்களில் கிடைத்திருக்கின்றன. வில் உருவாகி, ஊசிப்பகுதி சுற்றப்படாமல் நீட்டியபடியே நிற்கும் அவற்றைப் பார்த்தால் வேலையின் வரிசை தெளிவாகப் புரிகிறது.

இந்த வேலைக்கு எல்லா உலோகமும் ஒத்துவராது. சம்மட்டியால் தட்டத் தட்ட உலோகம் இறுகும், இறுகினால் வெடிக்கும். வெடிக்குமுன் தணலில் காய்ச்சி இளக்கி, மீண்டும் தட்ட வேண்டும். ஒரு ஊக்குக்குள் இந்தச் சுற்று பலமுறை வரும். கடைசிச் சுற்றில் மட்டும் காய்ச்சாமல் விட்டுவிட்டால், தட்டியதால் ஏறிய இறுக்கமே சுருளுக்கு விசையாகிறது. பித்தளை இதற்கு மிகப் பொருத்தமான உலோகம். வெள்ளீயம் அளவோடு சேர்ந்த வெண்கலமும் தாங்கும். தாங்காதது காரீயம் கலந்த வெண்கலம். செம்போடு காரீயம் கரைந்து ஒன்றாவதில்லை. உருகிய நிலையில் கலந்து நின்றாலும், ஆறும்போது தனித்தனிச் சிறு உருண்டைகளாகப் பிரிந்து உலோகத்தின் உள்ளே சிதறிக் கிடக்கும். தட்டினால் ஒவ்வொரு உருண்டையும் ஒரு வெடிப்புக்கு வாசல். காய்ச்சித் தட்டலாம் என்றாலோ காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. தணலில் வைத்த மாத்திரத்தில் உலோகம் உள்ளுக்குள் இளகிப் பிளந்துபோகும். காரீய வெண்கலத்தை மெல்லிய கம்பியாக நீட்டிச் சுருட்ட எந்தக் கைத்திறனாலும் ஆகாது. ஆனால் வார்ப்புக்கு அதைவிட இணக்கமான கலவை கிடைப்பது அரிது. குறைந்த சூட்டிலேயே உருகும், அச்சின் நுண்ணிய பள்ளங்களுக்குள்ளும் ஓடிப் பாயும், ஆறியபின் அரத்துக்கு எளிதாக வசப்படும். வாதத்தின் அச்சாணி இந்த ஒரு உலோகவியல் உண்மைதான்.

இதைச் சோதித்துப் பார்க்க பிரிட்டனைவிட நல்ல களம் இல்லை. கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை இறங்குவதற்கு முன்பும், இறங்கியபின் சில ஆண்டுகள் வரையிலும், தென்கிழக்கு பிரிட்டனில் மிகப் பரவலாக இருந்தது கோல்செஸ்டர் வகை எனப்படும் ஊக்கு. ஒரே துண்டில் செய்தது. சுருளின் கம்பி பின்னிருந்து முன்பக்கம் வந்து, வில்லின் தலையில் முன்நோக்கி வளைந்த சிறு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சுருளின் மேல்பக்கத்தை இருபுறமும் நீண்ட குட்டைச் சிறகுகள் மறைக்கும். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் வழிவந்த புதிய ஊக்குகள் தோன்றுகின்றன. முன்னிருந்து பார்த்தால் தாய் வகையின் சாயல் அப்படியே இருக்கும். ஆனால் இவை இரண்டு துண்டு. வில்லும் சிறகும் கொக்கித் தகடும் அச்சில் ஒன்றாக வார்க்கப்பட்டவை. சுருளும் ஊசியும் தனியே கம்பியில் செய்து பின்னர் பொருத்தப்பட்டவை. ஜஸ்டின் பெய்லியும் சார்னியா புட்சரும் ரிச்பரோ கோட்டையின் ஊக்குகளை மையமாக வைத்து, பிரிட்டனின் ஊக்குகள் பலவற்றை வேதியியல் முறையில் பகுத்தாய்ந்து 2004இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரே துண்டுக் கோல்செஸ்டர் ஊக்குகள் பெரும்பாலும் பித்தளை. அதன் வழிவந்த இரு துண்டு ஊக்குகள் பெரும்பாலும் காரீய வெண்கலம். வடிவம் பிரிந்த இடத்திலேயே கலவையும் பிரிகிறது. சுருட்ட முடியாத உலோகத்தில் வில்லை வார்த்தபின், சுருளை வேறு உலோகத்தில் செய்து மாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

வார்ப்பு எப்படி நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. வேல்ஸின் வடகரையில் பிரெஸ்டாட்டின் என்ற ஊரில், வெண்கல வார்ப்புப் பட்டறையின் கழிவுகளோடு ஊக்கு வார்த்த களிமண் அச்சுத் துண்டுகள் கிடைத்தன. முறை இதுதான்: ஊக்கின் மாதிரி ஒன்றை முதலில் செய்துகொள்வார்கள், காரீயத்தில் செய்த மாதிரிகள் சில கிடைத்துள்ளன. பதமான களிமண் பாளத்தில் மாதிரியைப் பாதி அழுத்தி, ஓரத்தில் அடையாளக் குழிகள் இட்டு, மேலே இரண்டாவது பாளத்தை வைத்து அழுத்துவார்கள். காய்ந்தபின் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டு, குழிகள் பொருந்த மீண்டும் சேர்த்து, வெளியே களிமண் பூசி மூடிச் சுடுவார்கள். உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரு வார்ப்பு. ஆனால் ஒரு மாதிரியைக் கொண்டு எத்தனை அச்சுகள் வேண்டுமானாலும் செய்யலாம். இரு பாளங்கள் சேர்ந்த இடத்தில் கசிந்த உலோகம் மெல்லிய விளிம்பாக நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்து, தலையின் பின்புறம் உள்ள குமிழில் துளையிட்டு, சுருளை மாட்டினால் ஊக்கு தயார். பழைய முறையில் கடைசி நிமிடத்தில் ஊசி ஒடிந்தால் முழு ஊக்கும் போயிற்று. புதிய முறையில் ஊசியை மட்டும் மாற்றினால் போதும். பழைய ஒரே துண்டு ஊக்குகளிலேயே, ஒடிந்த சுருளுக்குப் பதிலாகத் தனிச் சுருள் வைத்துப் பழுதுபார்த்தவை உண்டு. பழுதுபார்க்கும் கைக்கு ஏற்கெனவே பழகிய தீர்வைத்தான் புதிய வடிவம் நிரந்தரமாக்கியது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடை என்பது அடையாளம். ஊக்கு உடையின் பகுதி. ஆகவே ஊக்கின் மாற்றத்தை மக்களின் விருப்பத்தில்தான் தேட வேண்டும் என்பார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் அருகே கிடைத்த முதல் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்றில் ப்ளுஸ்ஸுஸ் என்ற படகோட்டியும் அவர் மனைவி மெனிமானேயும் அமர்ந்திருக்கிறார்கள். கல்வெட்டு லத்தீனில் இருக்கிறது. மெனிமானேயின் உடையோ உள்ளூர் மரபுப்படி பல ஊக்குகளால் பூட்டப்பட்டிருக்கிறது. ரோம ஆட்சியிலும் தன் மரபை விடாத பெண் தன் ஊக்கைத் தானே தேர்ந்திருப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவள் எதைத் தேர்ந்தாள்? கண்ணுக்குத் தெரியும் முகப்பை. மாற்றம் நடந்ததோ கண்ணில் படாத முதுகுப் பக்கத்தில். கோல்செஸ்டர் வழிவந்த ஊக்குகளைக் கையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவற்றின் தலையில், பழைய முன்கொக்கி இருந்த அதே இடத்தில், ஒரு சிறு முகடு வார்க்கப்பட்டிருக்கும். அது எந்தக் கம்பியையும் பிடிப்பதில்லை. வேலையற்ற வெறும் உருவம். சுருளைப் பிடிக்கும் வேலை பின்புறத் துளைக் குமிழுக்குப் போய்விட்டது. வாங்குவோருக்குப் பழகிய தோற்றம் வேண்டும் என்பதற்காக முகப்பைக் காப்பாற்றிக்கொண்டு, பட்டறை தன் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. மக்கள் விருப்பம் மாற்றத்துக்குக் காரணமாக இருந்திருந்தால் முகப்பு மாறி முதுகு மாறாமல் இருந்திருக்க வேண்டும். இங்கே நேர்மாறு.

முதுகுப் பக்கத்திலும் தீர்வு ஒரே மூச்சில் வந்துவிடவில்லை என்பது இந்த வாதத்துக்கு மேலும் பலம். கிழக்கு ஆங்கிலியாவில், ஐசினி மக்களின் பகுதியில், சுருளைப் பிடிக்க முன்கொக்கிக்குப் பதிலாகப் பின்நோக்கிய கொக்கி வைத்துப் பார்த்தார்கள். உறுதியற்ற அமைப்பு அது; சீக்கிரமே கைவிடப்பட்டது. கி.பி. 60-61இல் ஐசினி அரசி பூடிக்காவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதோடு அதன் மறைவை இணைப்பவர்கள் உண்டு. அரசியல் அழிவு அந்தப் பகுதியின் பட்டறைகளைத் தாக்கியிருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் வேறு பகுதிகளில் நிலைத்த இரண்டு முறைகளும் உறுதியால் நிலைத்தவை. ஒன்று, குமிழில் மேலும் கீழும் இரு துளை. ஒன்றில் சுருளின் அச்சுக்கம்பி, மற்றதில் சுருளை இணைக்கும் கம்பி. இன்னொன்று, மேற்குப் பகுதியின் போல்டன் ஹில் வகை. சிறகுகளின் இரு முனையிலும் துளையிட்ட தகடு வைத்து அச்சுக்கம்பியை இரு பக்கமும் தாங்கிப் பிடித்தது. ஒரே சிக்கலுக்கு மூன்று வட்டாரங்களில் மூன்று விடை தேடியிருக்கிறார்கள் என்றால், சிக்கல் எல்லோருக்கும் பொதுவானது என்று பொருள். அந்தப் பொதுச் சிக்கல் உலோகம்.

அடுத்த கேள்வி, காரீயத்துக்கு ஏன் போனார்கள் என்பது. பித்தளை கிடைக்காமல் போனது என்ற விடையை நான் ஏற்கவில்லை. பித்தளை செய்வது கடினமான வேலைதான். தனித் துத்தநாகத்தைப் பிரிக்கும் வழி ரோமானியருக்குத் தெரியாது. துத்தநாகத் தாதுவைப் பொடித்து, கரித்தூளோடும் செம்புத் துண்டுகளோடும் மூசையில் இட்டு மூடி, துத்தநாகம் ஆவியாகும் 907 டிகிரிக்கு மேலும் செம்பு உருகும் 1085 டிகிரிக்குக் கீழுமாகச் சூட்டை நிறுத்த வேண்டும். ஆவி செம்புக்குள் ஊறி அதைப் பித்தளையாக்கும். இம்முறையில் துத்தநாகம் ஏறக்குறைய 28 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. கோல்செஸ்டரிலேயே இத்தகைய மூடியிட்ட சிறு மூசைகள் முதல் நூற்றாண்டு அடுக்கில் கிடைத்திருக்கின்றன. ஆக ஊருக்குள்ளேயே பித்தளை செய்தார்கள். பேரரசில் பித்தளை குறைந்துகொண்டே போனது என்று நாணயங்களைப் பகுத்தாய்ந்த ஏர்ல் கேலி 1964இல் வாதிட்டார். நாணயங்களில் துத்தநாகம் குறைந்தது உண்மை. பழைய பித்தளையை உருக்கும்போதெல்லாம் துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகிப் போகும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சரிவு முதல் நூற்றாண்டு நடுப்பகுதியின் ஊக்கு மாற்றத்தை விளக்காது. அப்போது பித்தளையின் வரத்து தடைபடவில்லை. மாறியது காரீயத்தின் நிலை. படையெடுப்பு நடந்து ஆறே ஆண்டில், கி.பி. 49இல், மெண்டிப் குன்றுகளில் எடுத்த காரீயம் பேரரசர் பெயர் பொறித்த பாளங்களாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பிரிட்டனில் காரீயம் நிலத்தின் மேற்பரப்பிலேயே மிகுதியாகக் கிடைப்பதால், ஓரளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். வெள்ளீயத்தைவிடக் காரீயம் பல மடங்கு மலிவு என்பதும் அவர் தரும் விலைகளிலிருந்து தெரிகிறது. பிரெஸ்டாட்டின் பட்டறையும் ஃப்ளின்ட்ஷயர் காரீயச் சுரங்கங்களுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மலிவு மட்டும் காரணம் என்றால் அதுவும் குறைக்கணக்கு. உலோகத்தில் மிச்சமாவதைவிட உழைப்பில் மிச்சமாவது அதிகம். தட்டி, காய்ச்சி, நீட்டி, சுருட்டும் தேர்ந்த கையின் நேரம், அச்சில் ஊற்றி அரம் பிடிக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு.

பகுத்தாய்வு முடிவுகளையே ஐயப்படுபவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த பொருளின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து குறைந்திருக்கும், வெள்ளீயமும் காரீயமும் கூடித் தோன்றும் என்பது அவர்கள் வாதம். நியாயமான எச்சரிக்கை. துத்தநாகம் இத்தனை விழுக்காடு என்று தசமப் புள்ளியோடு சொல்லும் எந்தக் கணக்கையும் நானும் முழுதாக நம்பமாட்டேன். ஆனால் இங்கே வேண்டியது தசமப் புள்ளியல்ல. இது பித்தளையா, காரீய வெண்கலமா என்ற பெரும்பிரிவு. துளையிட்டு உள்உலோகத்தை எடுத்துச் செய்த சோதனைகள் அந்தப் பெரும்பிரிவை உறுதிசெய்கின்றன. அரிப்பு காரணமாக இருந்தால், அது ஒரே துண்டு ஊக்குகளை ஒரு விதமாகவும் இரு துண்டு ஊக்குகளை வேறு விதமாகவும் தேர்ந்தெடுத்து அரித்திருக்க வேண்டும். மண்ணுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

உண்மையிலேயே சங்கடமான சான்று வேறொன்று: அவுகிஸ்ஸா ஊக்கு. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, படைகளோடு பேரரசின் மேற்கு முனையிலிருந்து கருங்கடல் வரை சென்ற ஊக்கு இது. சிலவற்றின் தலையில் ‘அவுகிஸ்ஸா’ என்ற தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கும். வகைக்கு வந்த பெயரும் அதுதான். இதில் சுருள் கிடையாது, கீல்தான். வில்லின் தலைத்தகட்டைக் குழாயாகச் சுருட்டி, அதற்குள் அச்சுக்கம்பி செருகி, தனி ஊசியை அதில் மாட்டினார்கள். அச்சுக்கம்பி பல வேளை இரும்பு. துரு ஏறிய குழாய்கள் அதனால்தான். ஊசி தனி, வில் தனி. இருந்தும் உலோகம் பித்தளை. படையெடுப்போடு பிரிட்டனுக்கு வந்த ஹாட் ஹில் வகையும் இப்படியே: கீல் வைத்தது, பித்தளையில் ஆனது. இரு துண்டு என்றாலே காரீயம் என்று நான் சொல்லியிருந்தால் என் வாதம் இங்கே உடைந்திருக்கும். நான் சொல்வது அதன் மறுதலை: காரீயம் என்றால் இரு துண்டாகவே இருக்க வேண்டும். மேலும் அவுகிஸ்ஸாவின் தலைக்குழாயே தட்டிச் சுருட்டியது. காரீய வெண்கலத்தில் அந்தக் குழாயும் வெடித்திருக்கும். பொன் போன்ற நிறத்துக்காகப் படைவீரர்களின் இடைவார்க் கொளுவிகளிலும் பித்தளை விரும்பப்பட்டது. அகஸ்டஸ் கி.மு. 23 வாக்கில் பித்தளையை நாணயத்துக்கும் கொண்டுவந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். நிறமும் மதிப்பும் உலோகத்தைத் தேர்வதில் பங்கு கொண்டன. தேர்ந்த உலோகம் அதன்பின் வடிவத்துக்கு எல்லை வகுத்தது.

வார்ப்பு வந்தபின் முகப்பிலும் புதிய வாய்ப்புகள் திறந்தன. தட்டிச் செய்யும் வில்லில் ஆழமான பள்ளங்கள் எடுப்பது பெரும்பாடு. அச்சிலோ மாதிரியில் ஒருமுறை குடைந்துவிட்டால் எல்லா வார்ப்பிலும் பள்ளம் வந்துவிடும். அந்தப் பள்ளங்களில் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூட்டில் இளக்கி, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வண்ணப்பூச்சு ஏற்றினார்கள். கடலோரக் காட்டுமக்கள் காய்ந்த வெண்கலத்தில் வண்ணங்களை ஊற்றுவதாகவும், அவை கல்லாக இறுகுவதாகவும் மூன்றாம் நூற்றாண்டில் ஃபிலோஸ்ட்ரடஸ் என்ற கிரேக்கர் வியந்து எழுதினார். மங்கிய காரீய வெண்கலத்துக்கு வெள்ளீயம் பூசி வெள்ளிபோல் மினுக்குவதும் உண்டு. அந்தக் கலையைக் கால் (Gaul) பகுதி மக்களின் கண்டுபிடிப்பு என்கிறார் பிளினி. விலை குறைந்த உலோகத்தை விலை உயர்ந்த தோற்றத்துக்குக் கொண்டுபோன இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதி முதல் பரவிய குறுக்குவில் ஊக்கில் கதை மாறுகிறது. மூன்று குமிழ் வைத்த அந்தப் பெரிய ஊக்கு படை அதிகாரிகளுக்கும் அரசுப் பணியாளர்களுக்கும் உரிய பதவிச் சின்னம். கி.பி. 400 வாக்கில் செதுக்கியதும் இத்தாலியின் மொன்ஸா தேவாலயத்தில் இருப்பதுமான தந்தப் பலகையில் தளபதி ஸ்டிலிக்கோவின் தோளில் அதைக் காணலாம். ஒரே வடிவம் தங்கத்திலும் உண்டு, பாதரசத்தால் பொன்முலாம் பூசிய செம்புக் கலவையிலும் உண்டு. உலோகம் எதுவானாலும் வடிவம் மாறவில்லை; அங்கே ஆணையிட்டது அரசு. முதல் நூற்றாண்டுப் பட்டறைக்காரருக்கு அப்படி ஓர் ஆணை இல்லாததால்தான், உலோகத்துக்கு ஏற்ப வடிவத்தை மாற்றும் உரிமை அவர் கையில் இருந்தது.

அருங்காட்சியகங்கள் ஊக்குகளை முகப்பு தெரியும்படி வெல்வெட்டில் பதித்து வைப்பது வழக்கம். வந்தவர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். துளைக் குமிழ், அரத்தின் கீறல், ஒடிந்த ஊசிக்கு மாற்றாகச் செருகிய கம்பி எல்லாம் பின்னால் மறைந்துவிடுகின்றன. கண்காட்சி அமைப்பவர்கள் ஒவ்வொரு வகையிலும் ஓர் ஊக்கையாவது திருப்பி வைக்க வேண்டும். படம் அச்சிடுபவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும். பார்க்கப் போகும் வாசகர்களும் அதைக் கேட்டுப் பெறுங்கள்.